சிவப்பு ரவேலியும் நீல ரவேலியும்

குழந்தைவேலு ஹெல்மெட்டைப் பெஞ்சின் மேல் வீசி எறிந்தான். அது உருண்டுபோய்ச் சுவரில் இடித்து நின்றது.

"ரெண்டுல எந்தக் கார் ஒசத்தி? அதை மட்டும் சொல்லுங்க மேடம்."

பிரசில்லா ஒரு டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோவைக்கு வெளியே அந்தப் பந்தயத் தடத்தில் கார் ஓட்டியவர்களில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். குழந்தைவேலுவைவிடப் பத்து வயது சின்னவள். அவனுக்கும் அவன் தம்பி சென்னியப்பனுக்கும் அவள்தான் குரு.

"எதுக்குங்க கேக்கறீங்க?"

"எங்கப்பா என்னை ஏமாத்திட்டாரு. அதுக்குத்தான்."

இரண்டுமே ரவேலி கம்பெனியின் பழைய கார்கள். அப்பா இருந்தவரை வேறு யாரையும் தொடவிட்டதில்லை. போகும்போது சிவப்பைப் பெரியவனுக்கும் நீலத்தைச் சின்னவனுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். சிவப்பு முந்தி வந்த மாடல். சின்ன எஞ்சின், லேசான உடம்பு, வளைவில் பூனை மாதிரி திரும்பும். நீலம் சில வருஷம் பிந்தி வந்தது. நேர்ப்பாதையில் அதைப் பிடிக்க முடியாது. நான்கு சக்கரத்துக்கும் சட்டென்று நிறுத்தும் டிஸ்க் பிரேக் வேறு. சிவப்பில் வெறும் பழைய டிரம் பிரேக்; நிற்க நேரமெடுக்கும்.

போன மாதப் பந்தயத்தில், கடைசி வளைவில், சிவப்பு போய் நீலத்தின் பின்னால் மோதியது. நீலம் தடத்தைவிட்டுப் பறந்து, ஓரத்தில் டயர்களை அடுக்கிய சுவரில் விழுந்தது. சென்னியப்பனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. காரைச் சரிசெய்துவிட்டார்கள். தோளுக்கு இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. குழந்தைவேலு ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

"எல்லாரும் என்னைக் கொலைகாரனாட்டப் பாக்கறாங்க. மிதிச்சேன், நிக்கலை! நீலம் எங்கிட்ட இருந்திருந்தா நின்னிருக்கும். நல்லதை அவனுக்குக் குடுத்துட்டு, ஒண்ணுக்கும் ஆகாததை என் தலையில கட்டிட்டாரு."

பிரசில்லா எழுந்து கையைத் துடைத்தாள். நீலத்தின் சாவியை அவனிடம் நீட்டினாள்.

"தம்பிகிட்டக் கேட்டாச்சு. எடுங்க. சிவப்பைக் கடைசி வளைவுல நிறுத்தி, நான் உள்ள உக்காந்திருக்கேன். அன்னைக்கு வந்த வேகத்துலயே வாங்க."

"முட்டுனா?"

"டிஸ்க் பிரேக்தானுங்களே."

அவன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

வந்த வேகத்தில் தடம் அதிர்ந்தது. மிதித்தான். நீலம் தரையைக் கவ்விப் பிடித்து, சிவப்புக்கு வெகு முன்னாலேயே நின்றது. கதவைத் திறந்துகொண்டு குதித்தான்.

"பாத்தீங்களா? இதைத்தான நான் கத்திக்கிட்டிருக்கேன்!"

"பாத்தேன். இப்பச் சிவப்புல வாங்க. நான் நீலத்துல இருக்கேன். அதே வேகம்."

"அது நிக்காதுங்க."

"வாங்க, பாக்கலாம்."

அவள் நீலத்தில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

குழந்தைவேலுவுக்குக் கண் மண் தெரியாத கோபம். அப்பாவைத் திட்டினான். தம்பியைத் திட்டினான். இவளையும் திட்டினான். செத்தால் சாகட்டும் என்று கியரைத் தள்ளினான். நேர்ப்பாதையில் வேகம் காட்டும் முள் அன்றைக்கு நின்ற இடத்துக்கு வந்தது. தூரத்தில் நீலம். அதன் பின்கண்ணாடி வழியே அவள் கொண்டை தெரிந்தது.

கால் தானாகப் போய் பிரேக்கில் விழுந்தது. அவன் நினைத்திருந்த இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே. ஸ்டீயரிங் கையில் உதறியது. கருகிய வாடை வந்தது. சிவப்பு இழுபட்டு, நெளிந்து, நேராகி, நின்றது. இரண்டு கார்களுக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம்.

பிரசில்லா இறங்கி அந்த இடைவெளி வழியாகவே அவனிடம் வந்தாள். அவன் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கை விடவும் இல்லை.

"நின்னுருச்சு" என்றான். குரலில் கோபம் போகவில்லை. "அப்ப அன்னைக்கு மட்டும் ஏன் நிக்கலை? சொல்லுங்க!"

"இன்னைக்கு முன்னால இருந்தது நானுங்க. அன்னைக்கு உங்க தம்பி."