கீரை பறிக்கப் போன ஒற்றன்

மதிலை நம்பியதைவிட மனிதனின் வாக்கை ஊர்கள் அதிகம் நம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் ஆனைமதில் என்ற நகரத்தை விடங்கன் என்றொரு அரசன் ஆண்டான். ஆண்டான் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் முடி அவன் தலையில்தான் இருந்தது, என்ன செய்ய?

கேளுங்கள். அந்நாளில் தூதனுக்கு ஒரு மரியாதை உண்டு. தூதனைக் கொல்லக் கூடாது. தூதனைக் கட்டக் கூடாது. தூதனோடு வந்தவர்களின் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கக் கூடாது. "இவர்கள் என் ஆட்கள், இவர்களுக்கு நான் பொறுப்பு" என்று வாசலில் நின்று அவன் சொன்னால் போதும், கோட்டைக் கதவு திறக்கும். ஒற்றனுக்கோ கழுமரம்தான் மரியாதை.

விடங்கனிடம் சேந்தன் என்று ஒரு தூதன் இருந்தான். பொய் சொல்லத் தெரியாதவன். அதற்காகவே விடங்கன் அவனைப் பொறுக்கி எடுத்திருந்தான்.

முதலில் சேந்தனைப் புன்னைத்துறைக்கு அனுப்பினான். சேந்தன் போனான், சமாதானம் பேசினான், ஊராரோடு உட்கார்ந்து உண்டான், திரும்பினான். ஒரே மாதத்தில் புன்னைத்துறை எரிந்தது. "அவர்கள்தான் முதலில் வாக்குத் தவறினார்கள்" என்றான் அரசன். சேந்தன் நம்பினான்.

அடுத்து வாகைக்குடி. அங்கும் போனான், பேசினான், உண்டான், திரும்பினான். ஒரே மாதத்தில் வாகைக்குடியும் எரிந்தது. ஊராருக்கு மட்டுமே தெரிந்த ஒரு வழியில் படை உள்ளே நுழைந்ததாகச் சொன்னார்கள். தான் கால் வைத்த ஊர் விளங்குவதில்லை என்று சேந்தன் தன்னையே நொந்துகொண்டான். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அப்பாவி! குற்றம் செய்தவன் அங்கே மூன்று வேளையும் நெய்ச்சோறு தின்றுகொண்டிருந்தான்.

மூன்றாவது ஊர் பாறையூர். போரில் கணவனை இழந்த எயினி என்பவள் அதைக் காத்து வந்தாள். வாசலில் சேந்தன் வழக்கம்போல் பொறுப்புச் சொன்னான். கதவு திறந்தது. மூன்றாம் நாள் இரு தரப்பும் ஒன்றாக உண்டு உடன்படிக்கையை முடிப்பது என்று பேச்சு.

சேந்தனோடு கோடன் என்ற சமையல்காரன் மூன்று ஊருக்கும் வந்தான். அரசனே பார்த்து அனுப்பிய ஆள். அவன் வைத்த குழம்பை நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஊரார் விருந்து போட்டதால் எல்லோரும் பிழைத்தார்கள். அவனோ காலையில், "கீரை பறிச்சுட்டு வரேன்" என்று கூடையை எடுத்துக்கொண்டு போவான், உச்சி வெயிலுக்குத் திரும்புவான்.

மூன்றாம் நாள் சேந்தன் தற்செயலாக அந்தக் கூடையைப் பார்த்தான். உள்ளே எருக்கிலை. எருக்கிலையைக் கீரை என்று பறிக்கிற சமையல்காரன் எந்த ஊரில் இருக்கிறான்? சேந்தன் கூடையைக் கவிழ்த்தான். இலைக்கு அடியில் ஓர் ஓலை. அதில் பாறையூரின் மதில், அதன் வாசல்கள், ஊர்த் தண்ணீர் வெளியேறும் மதகு எல்லாம் கீறப்பட்டிருந்தன. மதகின் மேல் ஒரு குறி.

சேந்தன் அவன் கழுத்தைப் பிடித்தான். "எத்தனை ஊரிலடா கீரை பறித்தாய்?"

"மூணு ஊரிலயும்தான். கோபப்படாதீங்க ஐயா. நீங்க கதவைத் திறந்து விட்டீங்க, நான் உள்ளே பார்த்தேன். ரெண்டு பேரும் ஒரே அரசன் சோத்தைத்தானே தின்கிறோம்?"

சேந்தனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இரண்டு ஊருக்கும் தீ வைத்த கொள்ளி தானேதான் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

விருந்தில் இலை போட்டார்கள். ஒற்றனைக் கூட்டி வந்தவனுக்கும் கழுமரம்தான் என்பது சேந்தனுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு உண்டால் அவன் பிழைப்பான், ஊர் எரியும். வாயைத் திறந்தால் ஊர் பிழைக்கும்.

"உண்ணுங்கள் தூதரே" என்றாள் எயினி.

சேந்தன் சோற்றைத் தள்ளிவிட்டு ஓலையை இலையில் வைத்தான். "தாயே, என் சமையல்காரன் ஒற்றன். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப மாட்டேன். வாசலில் பொறுப்புச் சொன்னது இந்த வாய். இரண்டு ஊரை எரித்ததும் இந்த வாய்தான்."

சபை கொதித்தது. "கழுவில் ஏற்று!" என்று கத்தினார்கள். எயினி கையமர்த்தினாள். "தெரிந்தும் மறைப்பவனுக்குத்தான் கழு. தெரிந்ததும் சொன்னவருக்கு இல்லை. அந்தச் சமையல்காரனைக் கழு நடும்வரை சிறையில் போடுங்கள். தூதரே, எங்கள் ஊரில் உம்முடைய அரசனுக்கு இனி இடமில்லை. இதைப் போய்ச் சொல்லும்."

சேந்தன் அங்கேயே தங்கிவிட்டிருக்கலாம். ஆனால் பதிலைக் கொண்டு சேர்ப்பதும் தூதனின் வேலை. போனான்.

விடங்கன் சிரித்தான். "தூதன் என்ன, ஒற்றன் என்ன? இரண்டும் நான் எறிகிற கல்தானே சேந்தா?"

நிறைந்த சபையில் சேந்தன் அரசனுக்கு நேராகக் கை நீட்டினான். "ஒற்றனை அனுப்பியதை நான் குறை சொல்லவில்லை. எல்லா அரசர்களும் அனுப்புகிறார்கள். அகப்பட்டால் அவன் தன் உயிரைத்தான் கொடுப்பான். நீ அவனை என் சொல்லுக்குள் ஒளித்து அனுப்பினாய். செத்தவர்கள் யார் தெரியுமா? என் சொல்லை நம்பிச் சோறு போட்டவர்கள்! உண்ட வீட்டுக்கு என்னை இரண்டகம் செய்ய வைத்தாயே, நீயும் ஓர் அரசனா?"

அரசன் அவனை நாட்டைவிட்டுத் துரத்தினான். சேந்தன் பாறையூருக்குப் போய், மதகை அடைக்கக் கல் சுமந்தான்.

செய்தி ஊர் ஊராகப் பரவியது. எரிந்த ஊர்களில் மிஞ்சியவர்களும் பாறையூராரும் சேர்ந்து வந்து ஆனைமதிலை வளைத்துக்கொண்டார்கள். நகரத்துக்குள் தண்ணீர் வற்றியது. விடங்கன் சமாதானம் பேச ஒரு தூதனை அனுப்பினான். அவன் அம்பு பாயும் தூரத்திலேயே திருப்பப்பட்டான். இரண்டாம் தூதனின் வேட்டி மடிப்பைக்கூட உதறிப் பார்த்துத் துரத்தினார்கள். மூன்றாமவன் வாய் திறக்குமுன்னே புன்னைத்துறைச் செம்படவன் ஒருவன், "எங்கேடா உன் சமையல்காரன்?" என்று காறித் துப்பினான்.

கடைசியில் விடங்கனே வந்தான். தனியாக, முடியைக் கையில் ஏந்திக்கொண்டு. காவலர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இந்தத் தடவை ஒற்றனுக்கு ராஜா வேஷமா?" அவன் முகத்தை அங்கே யாரும் கண்டதில்லை. எப்போதும் அடுத்தவன் முகத்தைத்தானே அனுப்பி வைத்தான்! கையைக் கட்டினார்கள். கழுமரம் நட்டார்கள்.

எயினி சேந்தனை அழைத்தாள். "உமக்கு இவன் முகம் தெரியுமே. இவன் யார்?"

"சேந்தா, சொல்லடா! நான்தான் என்று சொல்லடா!" என்று அலறினான் விடங்கன்.

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் சேந்தனின் நாக்கு நுனிவரை வந்தது. புன்னைத்துறையில் தனக்கு மீன் பரிமாறியவர்களை நினைத்தான். அந்தச் சொல்லை விழுங்கினான். பிறகு சொன்னான்.

"இவன் ஆனைமதில் அரசன்தான். தூது வந்தவனைக் கழுவேற்றாதீர்கள். ஆனால் இவன் சொல்கிற ஒரு வார்த்தையையும் நம்பாதீர்கள்."

கட்டை அவிழ்த்துவிட்டார்கள். விடங்கன் நிலம் தருகிறேன் என்றான், யானை தருகிறேன் என்றான், பெற்ற தாய்மேல் ஆணை என்றான். கேட்க ஆளில்லை. வந்த வழியே திரும்பி நடந்தான். அவன் வாக்கால் தங்களுக்கு விடிவில்லை என்று கண்ட நகரத்து மக்கள் அவனை வெளியிலேயே நிறுத்திவிட்டு, தங்களுக்காகப் பேசச் சொல்லிச் சேந்தனுக்கு ஆள் அனுப்பினார்கள்.

பிறர் நம்பிய சொல்லுக்குள் வஞ்சகத்தை ஒளித்து அனுப்புகிறவன், பின்னொரு நாள் தானே வந்து உண்மையைச் சொன்னாலும் உலகம் நம்பாது.