சீனியம்மாள் குக்கர் வாங்கப் போன கதை

சீனியம்மாளுக்குப் பொய் சொல்லவே வராது. உள்ளதைக் கொஞ்சம் ஊதிச் சொல்ல வரும், அவ்வளவுதான். அவள் ஊதிய ஊதலில் சாத்தூர்க்காரர்கள் பல பேர் பறந்து போய் விழுந்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு மல்லிகை மகளிர் சுய உதவிக் குழுவின் ஆண்டு விழா. சமுதாயக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ரெண்டு தட்டில் மிக்சர் கொட்டி வைத்து, மேசை நடுவில் கலர் பேப்பர் சுற்றிய ஐந்து லிட்டர் குக்கர் ஒன்றை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். வீட்டுச் சிக்கனத்தைப் பற்றி யார் நன்றாகப் பேசுகிறார்களோ அவர்களுக்கு அந்தக் குக்கர் பரிசு. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். சொல்வதை அவரவர் வீட்டில் உண்மையாகவே செய்து வர வேண்டும். குழுவுக்குப் பொறுப்பான அதிகாரி தேன்மொழி மேடம்தான் நடுவர்.

அந்தக் குக்கர் சீனியம்மாளுக்கு வேண்டும். வேண்டும் என்றால் சும்மா ஆசைக்கு இல்லை. அவள் வீட்டுக் குக்கருக்குக் கைப்பிடி உடைந்து கம்பி கட்டியிருந்தது. வாஷர் தொளதொளத்துப் போய் ஆவியெல்லாம் பக்கவாட்டில் புஸ் என்று போய்விடும். விசில் அடிப்பதை அது மறந்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது. பருப்பைப் போட்டால் அடுப்பு பாட்டுக்கு எரியும், பருப்பு பாட்டுக்கு முழித்துக்கொண்டு கிடக்கும். புதிது வாங்கலாம் என்று காசு எடுத்து வைக்கிற போதெல்லாம் மகளின் காலேஜிலிருந்து ஏதாவது ஒரு செலவு வந்து நிற்கும். மிச்சம் பிடிப்பதில் சீனியம்மாள் நிஜமாகவே கெட்டிக்காரி. பிடித்த மிச்சத்தை வீட்டில் நிறுத்தி வைக்கத்தான் அவளால் முடியவில்லை.

காலையில் புறப்படும்போதே புருஷன் சுப்புக்காளையிடம் சொல்லிவிட்டாள். "சாயங்காலம் புதுக் குக்கரோட வர்றேன் பாருங்க. பரிசு எனக்குத்தான்னு இந்நேரம் பேப்பர்ல பேரே எழுதி ஒட்டியிருப்பாக." சுப்புக்காளை சரி என்று தலையை ஆட்டினார். சீனியம்மாள் சொல்வதில் எது நிஜம், எது ஊதல் என்று ஆராய்ச்சி பண்ணுவதை அவர் கல்யாணமான முதல் மாதத்திலேயே விட்டுவிட்டார். எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

விழாவில் முதலில் குழுத் தலைவி காளீஸ்வரி பேசினாள். ஆள் இல்லாத அறையில் விளக்கை அணைக்க வேண்டும் என்றாள். அப்புறம் சீனியம்மாளின் அண்ணன் மனைவி பஞ்சவர்ணம் எழுந்து, பீர்க்கங்காய்த் தோலை எறியாமல் துவையல் அரைக்கிற பக்குவத்தைச் சொன்னாள். அப்புறம் குருவம்மா. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள், நாலு பேர் சேர்ந்து பார்த்தால் வேர்த்துவிடும். "நான் என்னத்த மேடம் மிச்சம் பிடிக்க? அரிசி பருப்ப முன்னாடியே ஊறப் போட்ருவேன். கேஸு கொஞ்சங் கம்மியா ஆகும். எனக்குப் பேச வராது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்தது சீனியம்மாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். இன்றைக்கு உண்மையை மட்டும்தான் பேசுவது என்று தீர்மானம் பண்ணியிருந்தாள். சொல்லப் போனால் அவளிடம் உண்மையே தாராளமாக இருந்தது.

"தேஞ்சு போன சோப்ப நான் எறிய மாட்டேன் மேடம். புதுச் சோப்பு முதுகுல தண்ணியத் தொட்டு ஒட்டிருவேன்."

கூட்டத்தில் யாரோ ஒருத்தி வாய் விட்டுக் கொட்டாவி விட்டாள். தேன்மொழி மேடம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீனியம்மாளைத் திட்டினால்கூடத் தாங்குவாள். கொட்டாவியை மட்டும் தாங்க மாட்டாள்.

"அப்பிடி ஒட்டி ஒட்டி, எங்க கல்யாணத்துக்கு வாங்குன சோப்பு இன்னும் உள்ள உசுரோட இருக்கு மேடம்."

மேடம் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அடுத்த வீட்டு வேலுத்தாய் சும்மா இருப்பாளா? "ஏத்தா, ஒனக்குக் கல்யாணமாகி இருவது வருசமாச்சு!"

"இருவத்திரெண்டு. மேல எத்தன சோப்பு வந்தாலும் உள்ள இருக்கிற மாப்பிள அந்தச் சோப்புதான். போன மாசம் ஒருநா கொஞ்சம் அழுத்தித் தேச்சுட்டேன். உள்ள இருந்தது எட்டிப் பாத்துருச்சு. கல்யாணத்தன்னைக்கு அடிச்ச அதே வாசம்! நான் குளிச்சிட்டு வெளிய வர்றேன், எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு நின்னு, 'வாங்க, நீங்க யாரைப் பாக்கணும்'ங்காரு. பாவம், இத்தன வருசமா கரி பிடிச்ச மூஞ்சியவே பாத்துப் பழகுன மனுசன்."

சமுதாயக்கூடம் சிரித்தது. சிரிப்புச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் அப்புறம் சீனியம்மாளுக்கு பிரேக் பிடிக்காது. தீர்மானமாவது ஒன்றாவது!

"கறிவேப்பில வாங்கி ஒரு வருசமாச்சு எங்க வீட்ல. சாப்பிடும்போது தட்டு ஓரத்துல ஒதுக்குறாகள்ல, அத எடுத்து அலசி மறுநா தாளிச்சிருவேன். ஒரே கொத்துதான். ரசத்துல எறங்கும், ஏறும். சாம்பார்ல எறங்கும், ஏறும். வீட்ல அல்லாருக்கும் பழகிப் போச்சு. என் மக தட்டுல வந்து விழுந்தா, 'வாங்க, நல்லாருக்கீகளா'ன்னு கேப்பா. ரேசன் கார்டுல பேரு சேக்க வேண்டியதுதான் பாக்கி."

"பொய்யி!" என்றாள் பஞ்சவர்ணம். "போன வாரம் ஒன் வீட்லதான சாப்ட்டேன். என் தட்டுல கறிவேப்பில கெடந்துச்சே, அத நான் மென்னு முழுங்கிட்டேனே!"

"அதத்தான் மதினி ஒங்கிட்ட எப்பிடிக் கேக்கன்னு இருந்தேன். நீ பாட்டுக்கு முழுங்கிட்டுப் போயிட்ட. மூணு நாளா வீட்ல ஒருத்தருக்கும் சோறு எறங்கல. எழவு விழுந்த துட்டி வீடு மாதிரி கெடந்தோம்."

பஞ்சவர்ணத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. காளீஸ்வரிதான் தலைவி என்பதால் சிரிக்காமல் கேட்டாள். "கரண்டு பில்லு வருதுல்ல? அதுக்கு என்ன பண்ணுத?"

"நல்லாக் கேட்ட. என் தையல் மிசினு சக்கரத்துல, சைக்கிள்ல மாட்டுவாகள்ல டைனமோ, அத மாட்டுனேன். மிதிச்சா பல்பு எரியும். மொதல்ல ஒரு பல்புதான் எரிஞ்சுச்சு. பெறகு ஃபேனு சுத்துச்சு. பெறகு டிவி ஓடுச்சு. நான் விட்டனா? மிதி மிதின்னு மிதிக்க, கரண்டு வீடு பூரா நெறஞ்சு, எடம் பத்தாம மீட்டரு வழியா வெளிய போக ஆரம்பிச்சிருச்சு. கணக்கெடுக்க வந்த தம்பி மீட்டரப் பாத்துட்டு, 'யக்கா, நாங்கதான் ஒங்களுக்குக் குடுக்கணும் போல இருக்கே'ன்னு தலையச் சொறிஞ்சிக்கிட்டு நிக்கான்."

"அப்பிடி மிதிச்சு எத்தன ஜாக்கெட்டு தச்ச? அதச் சொல்லு" என்றாள் வேலுத்தாய்.

"ஒண்ணுந் தைக்கல. தச்சா நூலு செலவாகும்ல?"

மேடம் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீனியம்மாள் இன்னும் ஒரு படி ஏறினாள். "போன ஐப்பசில எனக்கு முட்டுவலி வந்து மிதிக்காம உக்காந்துட்டேன். சாத்தூரே இருண்டு போச்சு. யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

"அது மழைக்குப் போன கரண்டுடீ!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"மழைக்குன்னுதான் வெளிய சொன்னாக. சீனியம்மா முட்டுக்குப் போச்சுன்னு சொன்னா அவுகளுக்குத்தான அசிங்கம்."

நாற்காலிகள் ஆடின. மிக்சர் தட்டு ஒன்று கீழே விழுந்தது. சீனியம்மாள் ஓரக்கண்ணால் மேசையைப் பார்த்தாள். குக்கர் அவளையே பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது. பருப்பு நாலே விசிலில் பஞ்சாக வெந்து கிடக்கிற காட்சி மனசுக்குள் வந்தது. அந்த இடத்தில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. ஆனால் மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்போ கேஸ் செலவை எப்படிக்கா சமாளிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு பதில் சொல்லாமல் இறங்குவதற்கு அவள் என்ன குருவம்மாவா?

"கேஸா? எங்க வீட்ல சிலிண்டரு மேலதான் மணி பிளான்ட் தொட்டி உக்காந்திருக்கு. சாத்தூர் வெயில கையில வச்சிக்கிட்டு யாராவது கேஸ எரிப்பாகளா மேடம்? உச்சி வெயில்ல மொட்டமாடில கொண்டு போயி ஒலய வச்சா, தளதளன்னு கொதிக்கும். வெயிலு கூடிப் போனா அடிப்பிடிச்சிரும். அதுக்குத்தான் குடை. குடைய மடக்குனா ஃபுல்லு. விரிச்சா சிம்மு. ஓட்டக் குடைன்னா நடுத்தரமா எரியும்."

"மேகம் வந்து மூடுச்சுன்னா?" என்றாள் வேலுத்தாய்.

"அந்தக் கொடுமைய ஏன் கேக்க! சித்திரையில ஒருநா, அரிசி பாதி வெந்திருக்கு, மேகம் வந்து மூடிருச்சு. பாத்தா கெழக்க மட்டும் வெயிலு அடிக்கி. பானையத் தூக்கி இடுப்புல வச்சேன். வெயிலு பின்னாடியே ஓடுறேன். நான் போக அது போக, நான் போக அது போக, கடைசில ஊரத் தாண்டி இருக்கன்குடி கோயிலு ஆத்துக்குள்ள போயித்தான் அதப் பிடிச்சேன். மணல்ல பானைய எறக்கி வைக்கவும் பொங்குச்சு பாரு! கோயிலுக்கு வந்தவுக, யாரோ ஆத்தாளுக்குப் பொங்க வைக்காகன்னு சுத்தி நின்னு கொலவை போட்டுட்டாக. 'இது எங்க வீட்டு மத்தியானச் சோறு'ன்னு எந்த வாயால சொல்ல? ஆளுக்கு ஒரு கை பிரசாதம்னு வாங்கித் தின்னுட்டுப் போயிட்டாக. வெறும் பானையோட வீட்டுக்கு நடந்தே வந்தேன்."

"நடந்தா?" என்றாள் வேலுத்தாய்.

"பின்ன? பஸ்ஸுக்குக் காசு குடுத்தா, கேஸு மிச்சம் பிடிச்சதுக்கு அர்த்தம் வேணாமா?"

கூட்டமே எழுந்து குலவை போட்டது. மேடம் கைதட்டினார். காளீஸ்வரி தலைவி என்பதை மறந்து மூக்கால் சிரித்தாள். சீனியம்மாளுக்கு உச்சி குளிர்ந்து போனது. குக்கரை வீட்டில் எந்த அலமாரியில் வைப்பது என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் வேலுத்தாய் கையைத் தூக்கினாள். "மேடம், எனக்கு ஒரே ஒரு சந்தேகம். வெயில்லயே சோறு பொங்கித் தின்னுறவளுக்குக் குக்கரு எதுக்கு?"

அப்புறம் வந்த சிரிப்பு, அதுவரை சீனியம்மாள் வாங்கிய எல்லாச் சிரிப்பையும் விடப் பெரிதாக இருந்தது. மேடமும் சிரித்தார். ஆனால் அவர் நடுவர். "அக்கா, நீங்களே சொல்லிருங்க. சொன்னதெல்லாம் நிஜமாவே வீட்டுல செய்றீங்களா?" என்றார்.

சீனியம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நிஜம் என்றால் அவளுக்குக் குக்கர் தேவையில்லை. பொய் என்றால் நிபந்தனைப்படி பரிசு கிடையாது. 'சோப்பு மட்டும் நெசம் மேடம், மிச்சமெல்லாம் சும்மா. எங்க வீட்ல பருப்பு வேக மாட்டேங்குது' என்று சொல்லி அழுதுவிட்டால் மேடம் மனம் இரங்கலாம். அடுப்படியில் நின்று வேகாத பருப்பைக் கடைந்து கடைந்து கை வலித்த நாட்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. ஆனால் எதிரில் அத்தனை பெண்களும் சிரிப்பை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இத்தனை நேரம் அவளோடு சேர்ந்து சிரித்தவர்கள். இப்போது அவள் பொய் என்று ஒப்புக்கொண்டால், நாளையிலிருந்து அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாவம் என்றும் சொல்வார்கள். அதை நினைத்தால்தான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நெசந்தான் மேடம்" என்றாள். "நம்ப மாட்டீகளேன்னு ஒண்ணு ரெண்டக் கொறச்சுத்தான் சொல்லியிருக்கேன்."

குக்கர் குருவம்மாவுக்குப் போனது. அவள் அதைப் பிள்ளையை வாங்குவது போல ரெண்டு கையிலும் வாங்கிக்கொண்டு நேராகச் சீனியம்மாளிடம் வந்தாள். "யக்கா, ஒனக்குத்தான் வரும்னு நெனச்சேன்" என்றாள்.

"எனக்கு எதுக்குத்தா அதெல்லாம்? நீ வச்சுக்க" என்றாள் சீனியம்மாள். வாய் சிரித்தது. வயிறு எரிந்தது. சிந்திப் போகாமல் மிச்சமிருந்த மிக்சரைக்கூட அவள் தொடவில்லை.

வழியெல்லாம் தன் நாக்கைத் தானே திட்டிக்கொண்டு நடந்தாள். கடவுள் கொடுத்த ஒரு முழ நாக்கு, அதில் பாதியை மிச்சம் பிடித்திருந்தால்கூட இந்நேரம் கையில் குக்கர் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் பாருங்கள், வீட்டு வாசல் வருவதற்குள் அந்த நாக்கே அவளுக்கு ஒரு பதிலைத் தயார் பண்ணிக் கொடுத்துவிட்டது.

சுப்புக்காளை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவளுடைய வெறுங்கையைப் பார்த்துவிட்டு, "குக்கர் எங்க?" என்றார்.

"குடுக்கத்தான் செஞ்சாக. கையப் பிடிச்சுக் கெஞ்சுனாக. நான்தான் வேண்டாம்னுட்டேன். அது போடுற விசிலு தெருமுனை வரைக்கும் கேக்குமாம். நம்ம விசில எண்ணி எண்ணியே தெருவுல அம்புட்டுப் பேரும் பருப்ப எறக்கிருவாக. நம்ம கேஸ எரிச்சு வர்ற சத்தத்த ஊராருக்கு எதுக்குச் சும்மா குடுக்கணும்? நமக்கு அந்தச் சத்தமில்லாத பழசு போதும்."

சுப்புக்காளை படியிலிருந்து எழுந்து நின்றார்.

"பழசா? நீ புதுசோட வர்றேன்னு சொன்னேல்ல, அதான் நீ போன கையோட பழைய சாமான்காரன்ட்டப் போட்டுட்டேன்."

மடியிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து அவளிடம் நீட்டினார். "பேரீச்சம்பழம் குடுத்தான். நல்லாத்தான் இருக்கு. ஒனக்குன்னு நாலஞ்சு வச்சிருக்கேன்."

சீனியம்மாள் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.