படைக்குக் காத்திருந்த முறுக்கு

ரொம்ப ரொம்ப முந்தி, மலைக்குக் கீழ ஆத்தங்கரையில ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல செம்பாயின்னு ஒருத்தி. அவ புருசன் சடையன். சடையனுக்கு ஒரு அண்ணன், மொக்கையன். மொக்கையன் பொண்டாட்டி பேரு ராக்கம்மா. ரெண்டு ஓர்ப்படியாளும் பக்கத்துப் பக்கத்து வீடு, வாசல் முத்தம் மட்டும் ஒண்ணு.

அந்த வருசம் தீவாளி நெருங்குறப்ப எல்லையில சண்டை வந்துருச்சு. ராசா படை தெரட்டிக்கிட்டுக் கெளம்பினாரு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கூடப் போனாங்க. போறப்ப ராசா ஊரு நடுவுல குதிரைய நிறுத்திச் சொன்னாரு: "தாயிகளா, இந்தத் தீவாளிக்கு எங்களால வீட்டுல இருக்க முடியாது. நாங்க என்னிக்குத் திரும்பி வர்றோமோ, அன்னிக்குத்தான் நமக்குத் தீவாளி. பலகாரத்தை எடுத்து வச்சிருங்க."

எல்லாப் பொம்பளைங்களும் சரி சரின்னு தலையாட்டினாங்க. செம்பாயி தலையாட்டினதோட விடல. மாவு இடிச்சா, பாகு காய்ச்சினா, முறுக்கு சுட்டா, தட்டை சுட்டா, அதிரசம் சுட்டா. சுட்டதை எல்லாம் வெள்ளைத் துணி விரிச்சு, அதுமேல பரப்பி ஆற வச்சா.

ராக்கம்மா எட்டிப் பாத்தா. "ஏ செம்பா, ஏண்டி இப்படித் தொறந்து போட்டு வச்சிருக்க?"

"சூட்டோட மூடினா ஆவி உள்ளயே வேர்த்து நமுத்துப் போயிரும்க்கா. தொட்டுப் பாத்தா சில்லுன்னு இருக்கணும், அப்பறந்தான் மூடணும்."

ராக்கம்மா என்ன நெனச்சா தெரியுமா? 'நானா இருந்தா உண்மையச் சொல்லுவேனா? மாட்டேன். அப்ப இவளும் பொய்தான் சொல்றா. சூட்டோட மூடுறதுலதான் சூட்சுமம் இருக்கு.' வீட்டுக்குப் போயி, தான் சுட்ட முறுக்க சட்டியிலேர்ந்து எடுத்த கையோட பானையில போட்டு மூடிட்டா.

பலகாரம் ஆறினதும் செம்பாயி வெயில்ல நல்லாக் காஞ்ச சின்னச் சின்னக் கலயமா எடுத்து, முறுக்கும் தட்டையும் ஒண்ணுல, அதிரசம் வேறொண்ணுலன்னு அடுக்குனா.

"எல்லாத்தையும் ஒரே பானையில போட்டா என்னடி?"

"அதிரசத்துல ஈரம் இருக்குக்கா. பக்கத்துல முறுக்கு இருந்தா அந்த ஈரத்தைக் குடிச்சிரும்."

'இதுவும் பொய்யி'ன்னு ராக்கம்மா போயி, அதிரசத்தை முறுக்கு மேலயே கொட்டுனா.

அப்பறம் செம்பாயி கலயத்து வாயில துணி போட்டு இறுக்கிக் கட்டுனா.

"நடுவுல தொறந்து பாக்க மாட்டியாடி?"

"மாட்டேன்க்கா. தொறக்கத் தொறக்க மழைக்காத்து உள்ள போகும். ஈரக்கையி பட்டாப் போதும், பூசணம் பூத்துரும். அதுக்குத்தான் சின்னச் சின்னக் கலயமா வச்சேன். ஒண்ணைத் தொறந்தாலும் மத்தது கெடாது பாருங்க."

'இதுவுந்தான் பொய்யி'ன்னு ராக்கம்மா தெனமும் தொறந்தா, தெனமும் பாத்திரங் கழுவுன கையோட எடுத்துத் தின்னா.

சிரிக்கிறீங்களா? சிரிங்க, சிரிங்க. அவ பலகாரம் என்ன ஆச்சு? முறுக்கு தொவண்டு போச்சு, அதிரசத்துல முடி மொளைச்ச மாதிரி பூசணம், தட்டையில காறல் வாடை. மாட்டுக்கு வச்சா, மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு.

இனியாவது புத்தி வந்துச்சா? வரல. 'மந்திரம் கிந்திரம் போட்டிருக்கா, அதை மட்டும் மறைச்சிட்டா'ன்னு நெனச்சா. செம்பாயி களையெடுக்கப் போன நேரமாப் பாத்து ஒரு கலயத்தைத் தூக்கினா. இன்னொரு நாளு இன்னொண்ணு. அதுக்கு அப்பறம் இன்னொண்ணு. தூக்குனதை அப்படியே வச்சாளா? அதுவும் இல்ல. எல்லாத்தையும் அவிழ்த்து ஒரே பெரிய பானையில கொட்டி, தண்ணிக்கொடத்துப் பக்கத்துலயே வச்சா. ராசா வரட்டும்னு அப்பறம் தொறந்தே பாக்கல.

செம்பாயி வந்து பாத்தா, அடுக்கு கொறைஞ்சிருக்கு.

"அக்கா, என் கலயத்தப் பாத்தீங்களா?"

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்டி."

"கலயத்தோடயாக்கா?"

"பெரிய எலியா இருக்கும்."

செம்பாயிக்குப் புரிஞ்சு போச்சு. ஆனா புருசமாரு ரெண்டு பேரும் ஒரே போர்க்களத்துல நிக்கிறப்ப, இங்க நம்ம சண்டை போட்டா நல்லாவா இருக்கும்னு வாய மூடிக்கிட்டா. மிச்சக் கலயத்தை எல்லாம் அடுப்புக்கு மேல இருக்குற பரண்ல ஏத்தி, பழைய ஓலையப் போட்டு மூடினா. அடுப்புச் சூடு படுற எடம், ஈரம் அண்டாது. கரி பிடிச்ச எடம், ராக்கம்மா கையும் வைக்க மாட்டா.

தீவாளி வந்துச்சு, போச்சு. படை வரல. மழை பிடிச்சுக்கிச்சு. ஒருத்தி பலகாரத்தைப் பிள்ளைக தின்னு தீத்துச்சுக. இன்னொருத்தி பலகாரம் கெட்டுப் போச்சு. இன்னொருத்தி, "அவங்கள்ளாம் எங்க வரப்போறாங்க"ன்னு எடுத்துத் தானே தின்னுட்டா. "நீயும் தின்னுரு செம்பா"ன்னாங்க.

"தின்னுட்டா, அவரு வரமாட்டாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்"னு சொன்னா செம்பாயி. "அவரு வருவாரு." அவ்வளவுதான். ஆனா தெனமும் ஒரு தடவ பரணை நிமிந்து பாத்துக்குவா.

ஒரு நாளு மத்தியானம், கொட்டுற மழையில, படை வந்துச்சு. ஜெயிச்சுத்தான் வந்துச்சு. ஆனா எல்லாரும் காய்ஞ்ச வயிறு, நனைஞ்ச துணி. ஊரு முழுக்க வெறகு ஈரம், ஒரு வீட்டுலயும் அடுப்பு பத்தல. ராசா சாவடியில வந்து உக்காந்து கேட்டாரு: "தாயிகளா, இன்னிக்குத்தான் நமக்குத் தீவாளி. எங்க பலகாரம்?"

பொம்பளைங்க எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. ராக்கம்மா மட்டும் பெரிய பானைய இடுப்புல வச்சுக்கிட்டு முந்திக்கிட்டு வந்தா. "ராசா, என் கையால சுட்டது. உங்களுக்குன்னு பொத்திப் பொத்தி வச்சேன்."

ராசா சந்தோசமாக் கை நீட்ட, மொக்கையன் பெருமையா மீசையத் தடவ, இவ மூடியத் தொறந்தா. குப்புன்னு ஒரு நாத்தம். உள்ள பாத்தா பச்சைப் பசேல்னு பாசி மாதிரி பூசணம். பக்கத்துல நின்ன குதிரையே பின்னால போயிருச்சு.

ராசா மொகம் மாறிப் போச்சு. "இதையா எனக்குன்னு வச்ச?"

ராக்கம்மா பானையக் கீழ வச்சுட்டு ரெண்டடி பின்னால போனா. "ஐயா ராசா, இது நான் சுட்டதே இல்ல. இது செம்பாயி சுட்டது."

"செம்பாயி சுட்டதா? அப்ப உன் பானைக்கு எப்படி வந்துச்சு?"

எலி கதை அங்க எடுபடாதுல்ல. மொக்கையன் மீசையிலேர்ந்து கைய எடுத்துத் தலையில வச்சுக்கிட்டான்.

ராசா திரும்பினாரு. "யாரும்மா செம்பாயி?"

செம்பாயி கலயங்களைக் கூடையில அடுக்கிக்கிட்டு வந்து நின்னா. மொதல்ல புருசன் இருக்கானான்னுதான் கண்ணு தேடுச்சு. கடைசி வரிசையில, தோள்ல கட்டுப் போட்டுக்கிட்டு, சடையன் நின்னான். அதுக்கு அப்பறந்தான் அவளுக்கு மூச்சே வந்துச்சு. ஒரு கலயத்தை அவிழ்த்து நீட்டுனா. ராசா ஒரு முறுக்கை எடுத்து ஒடைச்சாரு. மொறுக்குன்னு சத்தம் சாவடி முழுக்கக் கேட்டுச்சு. நேத்துச் சுட்ட மாதிரி இருக்குன்னு சொல்லிச் சொல்லித் தின்னாரு. அப்பறம் ஆளுக்குக் கொஞ்சமா எல்லாருக்கும் பங்கு வச்சாங்க. சடையன் ஒரு அதிரசத்தை ரெண்டாப் பிச்சு, பாதிய அவ கையில குடுத்தான்.

"உன் கலயத்தைத் திருடினவளுக்கு என்ன தண்டனை குடுக்கலாம், நீயே சொல்லு"ன்னாரு ராசா.

செம்பாயி யோசிச்சா. "அடிக்க வேண்டாம் ராசா. அடுத்த தீவாளிக்கு ஊரு மொத்தத்துக்கும் அவங்களே மாவு இடிக்கட்டும், அவங்களே சுடட்டும். எப்படி எடுத்து வைக்கிறதுன்னு நான் பக்கத்துல நின்னு சொல்றேன்."

அப்படியே ஆச்சு. அடுத்த வருசம் ராக்கம்மா இடிச்சா இடிச்சா, கையெல்லாம் கொப்புளம். சுட்டா சுட்டா, மொகமெல்லாம் கரி. கடைசியில மூடியக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டா: "செம்பா, மூடிரவா?"

"இன்னும் சூடு இருக்குக்கா. பொறுங்க."

ராக்கம்மா அவ மொகத்தையே பாத்தா. அப்பறம் மூடியக் கீழ வச்சுட்டு, பொறுத்து உக்காந்தா.

அதனால செல்லங்களா, திருடித் தின்னாலும் தங்காது, எல்லாரும் நம்மள மாதிரியே பொய் சொல்லுவாங்கன்னு நெனச்சாலும் உருப்படாது. பலகாரம் தீந்துச்சு, கலயம் காலி, கதையும் காலி. கண்ண மூடுங்க.