நடுக்கோட்டைத் தொட்ட விரல்

மருதவாசல் ராஜ்ஜியத்தில் சடுகுடுப் பைத்தியம் பிடிக்காத ஆளே கிடையாது. ராஜா சேந்தன் மாறனுக்கு அது முற்றியே போயிருந்தது. யானைக்கட்டித் தெரு அணி என்றால் அவருக்கு உயிர். அந்த அணி ஜெயித்த நாளில் அரண்மனையில் பாயசம். தோற்ற நாளில் மந்திரிகள் அவர் கண்ணில் படாமல் நடமாடுவார்கள்.

அன்று காலை மந்திரிகள் ஒருவரையும் காணோம்.

முந்தின நாள் மாலை யானைக்கட்டித் தெருவும் உப்புக்காரத் தெருவும் மோதின. ஜெயிக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை கல்மலை நாட்டாரோடு இறுதி ஆட்டம் ஆட வேண்டும். இரண்டு பக்கமும் புள்ளி சமம். கடைசியாகப் பாடிப் போனவன் யானைக்கட்டித் தெருச் செங்கோடன். எதிராளி ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். நாலைந்து பேர் பாய்ந்து அவன் காலைக் கட்டிக்கொண்டார்கள். குப்புற விழுந்தவன், பாட்டை விடாமல், நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினான். ஒரே புழுதி.

"விரல் கோட்டைத் தொடுவதற்கு முன்பே மூச்சு விட்டுவிட்டான். உப்புக்காரத் தெருவுக்கு வெற்றி!" என்றார் நடுவர் அம்பலத்தாடி.

அவ்வளவுதான். ஊர் இரண்டுபட்டது. விடிந்ததும் இரண்டு தெருவும் சபைக்கு வந்து நின்றன.

"தொட்ட பிறகுதான் மூச்சு விட்டான், மகாராஜா! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!" என்று கத்தினான் யானைப்பாகன் மாசாத்தன்.

"எங்களுக்குத்தான் அநியாயம் நடந்தது!" என்று முன்னால் வந்தாள் உப்பு வியாபாரி பொற்கொடி. "முதல் பாதியில அந்தச் செங்கோடன் எல்லைக்கு வெளியே மிதிச்சான். நான் பார்த்தேன். நடுவர் கண்டுக்கவே இல்லை. நாங்க இன்னும் ஒரு புள்ளி கூட எடுத்து ஜெயிச்சிருக்கணும்!"

"நடுவர் உப்புக்காரத் தெரு மாப்பிள்ளை!"

"பொய்! யானைக்கட்டித் தெருச் சம்பந்தி!"

அம்பலத்தாடி தூணோரமாக நின்றிருந்தார். யாரோ எறிந்த பூசணிக்காயின் புண்ணியத்தில் தலையில் ஒரு கட்டு. "எனக்கு ரெண்டு தெருவிலும் சொந்தம் கிடையாது, மகாராஜா. இனிமேல் சிநேகிதமும் இருக்காது" என்றார் பாவமாக.

ராஜாவால் சும்மா இருக்க முடியவில்லை. "நானும்தான் பார்த்தேன். மேடையிலிருந்து தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. விரல் தொட்டுவிட்டது!"

யானைக்கட்டித் தெரு ஆரவாரித்தது. உப்புக்காரத் தெருக் கூட்டத்திலிருந்து ஒரு குரல், "அரண்மனை இனி உப்பில்லாமல் சாப்பிடட்டும்" என்றது. ராஜாவின் முகம் மாறியது. சபையின் சாதுரியக்காரன் விடங்கனைத் தேடினார்.

"விடங்கா! பொழுது சாய்வதற்குள் நீ இந்த வழக்கைத் தீர்க்க வேண்டும். தீர்ப்பு எதுவானாலும் இரண்டு தெருவும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாய் முணுமுணுத்தாலும் அம்பலத்தாடியை நாடு கடத்துவேன். வழித்துணைக்கு நீயும் போவாய்!"

அம்பலத்தாடி ஓடி வந்து விடங்கனின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பெண்டாட்டி பிள்ளைகள்..." என்றார்.

"மூட்டை கட்டச் சொல்லி ஆள் அனுப்பிவிடாதீர்" என்று அவர் காதில் சொல்லிவிட்டு விடங்கன் கூட்டத்தின் நடுவே வந்தான்.

"அம்பலத்தாடிக்குக் கண் சரியில்லை என்கிறீர்கள். அப்படித்தானே?"

"ஆமாம்!" அந்த இரண்டு தெருவும் ஒன்றாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நியாயம். அப்படியானால் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு அவரைவிடக் கண் கூர்மையான ஆள்தான் நடுவராக நிற்க வேண்டும். நேற்று தெளிவாகப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்."

சபை முழுக்கக் கைகள்.

"ரொம்ப சந்தோஷம். ஆட வருகிறவர்கள் கல்மலை நாட்டார். போன வருஷம் தோற்றதும், நடுவரைக் கிணற்றில் இறக்கிவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு முந்தின வருஷம் ஜெயித்தார்கள். அப்போதும் நடுவரைப் புளியமரத்தில் கட்டிப் போட்டார்கள், ஜெயித்தது போதவில்லையாம்."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

விடங்கன் அம்பலத்தாடியின் நடுவர் கோலை வாங்கி நீட்டினான். "மாசாத்தா, ரெண்டு கண்ணாலும் பார்த்தவன் நீதானே? பிடி."

"பார்த்தேன்தான் ஐயா... ஆனா எனக்கு முன்னாடி என் யானை நின்னுது. அது காதை ஆட்டும்போது மட்டும் கொஞ்சம் தெரிஞ்சுது."

"பொற்கொடி அம்மா?"

"நான் எங்கே பார்த்தேன்? என் மாமியார் பார்த்துச் சொன்னாங்க."

"மாமியாரைக் கூப்பிடுவோம்."

"ஐயோ, அவங்களுக்கு மாலைக்கண்!"

ஒருவனுக்குக் கண்ணில் வெயில் அடித்திருந்தது. இன்னொருவனுக்குப் புழுதி விழுந்திருந்தது. அதுவரை பெரிதாகக் கத்திக்கொண்டிருந்த ஒருவன் ஆட்டத்துக்கே வரவில்லையாம்.

"ஆக, பார்த்தவர் அம்பலத்தாடி ஒருவர்தான். அவர் தீர்ப்பை ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தக் கோலை வாங்கிக்கொள்ளலாம்."

"ஒத்துக்கொள்கிறோம்!" கூரை அதிர்ந்தது. ஒரு முணுமுணுப்பு இல்லை.

விடங்கன் சிம்மாசனத்தின் பக்கம் திரும்பிக் கோலைப் பணிவாக நீட்டினான். "அரசே, தாங்கள் மேடையிலிருந்து தெள்ளத் தெளிவாக..."

ராஜா கோலைப் பார்த்தார். கிணறு ஞாபகத்துக்கு வந்தது.

"அந்தக் குடைக்காரன் இருக்கிறானே," என்றார், "முக்கியமான நேரம் பார்த்துக் குடையைச் சாய்த்துத் தொலைத்துவிட்டான்!"

சபை சிரித்தது. ராஜாவும் தொடையில் தட்டிச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி விடங்கன் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"வெள்ளிக்கிழமை அம்பலத்தாடிக்கு முன்னாலும் பின்னாலும் அரண்மனைக் காவலர் நிற்கட்டும்."

"நிற்பார்கள்!"

அம்பலத்தாடிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கோலை வாங்கிக்கொண்டு கும்பிட்டபடியே நடந்தார். கூட்டமும் கலைந்தது. ராஜா விடங்கனை அருகே இழுத்தார்.

"நீ கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாயே. உண்மையைச் சொல். விரல் தொட்டதா, இல்லையா?"

விடங்கன் வாசல் பக்கம் பார்த்தான். "மெதுவாகப் பேசுங்கள், அரசே. அவர் இன்னும் படி இறங்கவில்லை. நான் பார்த்தேன் என்று காதில் விழுந்தால், கோலை என் கையில் திணித்துவிட்டு ஓடியே போய்விடுவார்!"