பார்த்துக் கொடுங்க

விருதுநகர் சந்தைக்குப் பின்னால் ஒரு தெருவில் பாண்டீஸ்வரி கடை வைத்திருந்தாள். எலி, கரப்பான், கரையான், மூட்டைப்பூச்சி எதுவானாலும் ஒழித்துக் கொடுப்பாள். குடோன்களையும் ஆஸ்பத்திரிகளையும் பெரிய கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு குளவிக்கூடு என்று மிஞ்சுகிற சின்ன வேலைகள் அவளைத் தேடி வரும்.

அவளிடம் தொழில் கற்க வந்தவர் தனுஷ்கோடி. ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போட்டுப் போட்டே தலை நரைத்தவர். அந்தக் கடையை மூடியபிறகு இங்கே வந்து சேர்ந்தார். தொழில் சொல்லிக் கொடுப்பவள் என்பதால் அவர் அவளை அக்கா என்று கூப்பிட்டார். வயதில் பெரியவர் என்பதால் அவள் அவரை அண்ணாச்சி என்றாள். உங்கள் இரண்டு பேரில் யார்தான் மூத்தவர் என்று எதிர்த்த டீக்கடை செல்லையா தினமும் கேட்பார். இருவரும் பதில் சொன்னதில்லை.

மருந்து கலக்கும் அளவு, கரையான் வரும் வழி, மூட்டைப்பூச்சி ஒளியும் இடுக்கு எல்லாமே தனுஷ்கோடிக்குப் படிந்துவிட்டன. விலை சொல்வதுதான் வரவில்லை. ஜவுளிக்கடையில் ஒவ்வொரு துணியிலும் விலைச்சீட்டு தொங்கும். அதைத் திருப்பிக் காட்டினால் போதும். வாய் திறந்து விலை சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை. இங்கே வீட்டுக்காரர் எவ்வளவு என்று கேட்டதும் தரையைப் பார்ப்பார். "நீங்க பார்த்துக் கொடுங்க" என்பார். அதுதான் மரியாதை என்று நினைத்திருந்தார். பாண்டீஸ்வரி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே விலையைப் பேசுவாள். இவ்வளவு கறார் எதற்கு என்று அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும்.

ஒருநாள் பிற்பகல் அவர் தோளில் மருந்து டேங்கும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமுமாகத் தெருவுக்குள் வந்தார்.

"என்ன அண்ணாச்சி, பூச்சி வீட்டுல பிரசாதமும் குடுக்குறாங்களா?" என்றார் செல்லையா.

தனுஷ்கோடி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. டேங்கைக் கடைக்குள் இறக்கினார். இறக்கினார் என்று சொல்வது தப்பு. போட்டார். பழச்சீப்பை மேஜைமேல் எறிந்தார்.

"இதான் அக்கா கூலி."

பாண்டீஸ்வரி பழத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். நடந்ததை அவர் நின்றுகொண்டே சொன்னார்.

வேலை பாத்திரக்கடை முதலாளி வீட்டில். தேக்குக் கட்டில் நிறைய மூட்டைப்பூச்சி. விடிந்ததும் போய், வீட்டில் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டிலின் மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இடுக்கு இடுக்காக நீராவி பிடித்தார், மருந்து வைத்தார், மெத்தையின் தையலைத் தடவித் தடவிப் பார்த்தார். செத்து விழுந்த பூச்சிகளைக் கூட்டி அள்ளினார். பெரிய மனிதர் வீட்டு மூட்டைப்பூச்சியை அவர் கண்ணிலேயே காட்டுவது அழகில்லை என்று நினைத்தார். செய்தித்தாளில் பொட்டலமாகச் சுருட்டிக் கொல்லையில் புதைத்தார். கட்டிலைத் திரும்பப் பூட்டித் தரையையும் துடைத்து வைத்தார்.

வேலை முடிந்ததும் முதலாளி உள்ளே வந்தார். கட்டிலைச் சுற்றி நடந்தார், குனிந்து அடியிலும் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையேப்பா" என்றார்.

அதைப் பாராட்டு என்று தனுஷ்கோடி எடுத்துக்கொண்டார். அடுத்து எவ்வளவு என்று முதலாளி கேட்டார். நீங்கள் பார்த்துக் கொடுங்கள் என்றார் இவர். முதலாளி அறையை இன்னொரு தடவை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்தார். கூடத்தில் தொங்கிய வாழைத்தாரிலிருந்து ஒரு சீப்பை அறுத்தார். சின்ன வேலைதானே, வைத்துக்கொள் என்றார்.

"மருந்துக்கே பத்தாது அக்கா. சின்ன வேலையாம். அவர் வந்து ஒரு மூட்டு, ஒரே ஒரு மூட்டு கழற்றிப் பார்க்கட்டும். முதுகு ஒடிஞ்சுபோகும். பழம் வேற. நான் என்ன குரங்கா?"

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். தனுஷ்கோடியின் காது மடல் சிவந்தது.

இந்தத் தொழிலே வேண்டாம் என்றார். நாளைக்கு மும்தாஜ் வீட்டு வேலை ஒன்று இருக்கிறது. அதை முடித்துவிட்டு டேங்கை ஒப்படைத்துவிடுவதாகச் சொன்னார்.

மும்தாஜ் ஜாக்கெட் தைப்பவள். குடியிருப்பதும் தைப்பதும் ஒரே அறையில். முந்தின நாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, கடைக்குள்ளே வராமல் ஓரமாக நின்று பேசிவிட்டுப் போயிருந்தாள். கடை பெயர் எழுதிய வண்டியில் வந்துவிடாதீர்கள் என்று மூன்று தரம் கேட்டுக்கொண்டாள்.

"அவகிட்ட மூணு பங்கு கேட்கப்போறேன்" என்றார் தனுஷ்கோடி. "இன்னைக்குப் போனது அங்க வந்துரும்."

"குடுப்பாளா?"

"குடுத்துத்தான ஆகணும். மூட்டைப்பூச்சின்னு வெளிய தெரிஞ்சா எவ துணி குடுப்பா? எவ்வளவு ஆனாலும் சரின்னு அவளே சொல்லிட்டா."

பாண்டீஸ்வரி கணக்கு நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கினாள். அது அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"எல்லாம் சொல்லிக் குடுத்தீங்க. சின்ன வேலைக்கு எப்படி விலை வைக்கிறதுன்னு மட்டும் ஏன் சொல்லலை? இன்னைக்குச் சொல்லுங்க. தெரிஞ்சுக்கிட்டாவது போறேன்."

அவள் எழுந்தாள். உள்ளறையில் தனக்கு ஒரு சின்ன வேலை இருப்பதாகவும் முடித்துவிட்டு வந்து சொல்வதாகவும் சொன்னாள். அவரைத் தெருவில் நிற்கச் சொல்லிக் கடைக்கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

தனுஷ்கோடி வெயிலில் நின்றார். உள்ளே மூட்டைகள் இழுபடும் சத்தம் கேட்டது. தகர டப்பா ஒன்று உருண்டது. பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. திடீரென்று எதையோ ஓங்கி அடிக்கும் சத்தம். மறுபடியும் அமைதி. கடைசியில் விளக்குமாறு.

"அண்ணாச்சிய வெளிய தள்ளியாச்சா?" என்று கேட்டார் செல்லையா. தனுஷ்கோடி பல்லைக் கடித்துக்கொண்டார். அங்கே பழம், இங்கே வெயில் என்று மனதுக்குள் திட்டினார்.

கதவு திறந்தது. பாண்டீஸ்வரியின் தலையில் ஒட்டடை. முழங்கையில் சிராய்ப்பு, அதில் ரத்தம் கசிந்தது.

"முடிஞ்சுது" என்றாள். "பார்த்துக் கொடுங்க அண்ணாச்சி."

அவர் உள்ளே போய் உள்ளறையை எட்டிப் பார்த்தார். மூட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. டப்பாக்கள் அடுக்கியபடி இருந்தன. தரை சுத்தமாக இருந்தது. தன்னைக் கேலி செய்கிறாள் என்று தோன்றியதும் அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளி கொடுத்த தாளை எடுத்து அவள் கையில் திணித்தார். பழச்சீப்பையும் எடுத்து அதன்மேல் வைத்தார்.

"இந்தாங்க. சின்ன வேலைதான?"

அவள் தாளை மடித்துப் பர்ஸில் வைத்தாள். சீப்பை ஆணியில் மாட்டினாள். ஒரு பழத்தைப் பிய்த்து உரித்துத் தின்னத் தொடங்கினாள்.

தனுஷ்கோடி காத்திருந்தார். அவள் பாதிப் பழம் தின்றாள்.

"கோவம் வரலையா உங்களுக்கு?"

"எதுக்கு? பார்த்துக் கொடுங்கன்னேன். பார்த்தீங்க. கொடுத்தீங்க."

"என்னத்தப் பார்த்தேன்? கதவைத்தான் சாத்திட்டீங்களே. உள்ள நீங்க என்ன செஞ்சீங்கன்னு வெளிய நிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

தெருவே கேட்கும்படி கத்திவிட்டார். டீ ஆற்றிக்கொண்டிருந்த செல்லையாவின் கை அப்படியே நின்றது. தனுஷ்கோடிக்குத் தன் குரல் தன் காதிலேயே வந்து விழுந்தது.

பாண்டீஸ்வரி பழத்தோலைக் கூடையில் போட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே கை அகலத்தில் ஒரு கருந்தேள் செத்துக் கிடந்தது. அதன் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகள்.

"எங்க இருந்துச்சு?"

"நீங்க மத்தியானம் தலைசாய்ப்பீங்களே, அந்த மூட்டைக்கு அடியில. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அங்க நுழைஞ்சதைப் பார்த்தேன்."

அவர் கை தானாகப் பிடரிக்குப் போனது.

"இதை முதல்லயே காட்டியிருந்தா நான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் போய்விடவில்லை. போகவேண்டிய இடம் தெரியாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப முதலாளி மேல தப்பே இல்லேங்கிறீங்களா?"

"இல்லாம? பொழுதன்னைக்கும் யாவாரம் பண்றவருக்கு ஒரு ஆளோட கூலி தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் பழத்தை அறுத்தார்." இப்போது அவள் குரலும் கனத்திருந்தது. "இந்த மிச்சப் பழத்தைக் கொண்டுபோய் அவர் மேஜையில வச்சுட்டு, கடையில நாலு பேர் இருக்கும்போது நானே கேட்கப்போறேன். என் கோவம் அந்த வாசலுக்குப் போகுது. உங்க கோவம் எந்த வாசலுக்குப் போகுது?"

அவர் டேங்கைப் பக்கத்தில் இழுத்தார். டேங்கின் மூடி நெளிந்திருந்தது, கீழே போட்டதில். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் நிமிர்த்தினார். மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று திருகிப் பார்த்தார். பிறகு கடை பெயர் எழுதிய வண்டியை விட்டுவிட்டு, செல்லையாவின் சைக்கிளை நாளைக்குத் தரமுடியுமா என்று கேட்டு வந்தார்.

படியேறியவர் பழையபடி தரையைப் பார்த்தார்.

"அக்கா, மும்தாஜ்கிட்ட எவ்வளவுன்னு சொல்ல?"

பாண்டீஸ்வரி பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி, அவளைப் பார்த்துச் சொல்லுங்க அண்ணாச்சி."