சருகு மூடிய பசு

புலி பேசினால் மாட்டுக்காரனுக்கும், மாட்டுக்காரன் பேசினால் புலிக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், மேற்கு மலைக் காட்டில் கெம்பன் என்பவன் பட்டி போட்டிருந்தான். முள்வேலிக்குள் நாற்பத்தொரு மாடுகள். காலையில் படலைத் திறக்கும்போது ஒரு தரம் எண்ணுவான். மாலையில் அடைக்கும்போது இரண்டு தரம் எண்ணுவான்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. ஓடைக்கரையில் ஒரு தாய்ப்புலி மாட்டை அடித்துப் போட்டது. கெம்பன் கூச்சல் போட்டு, கல்லெறிந்து அதை விரட்டினான். தான் வளர்த்த மாட்டைப் புலி வாயில் விட்டுவிட்டு வர அவனுக்கு மனம் வரவில்லை. கயிறு கட்டி இழுத்து வந்து, பட்டிக்குப் பின்னால் ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்தான். நாலாம் நாள் இன்னொரு மாடு போனது. அதையும் இழுத்து வந்து புதைத்தான். அந்த ஒரு மாதத்தில் ஏழு மாடு, ஏழு குழி.

"ஊர்ல ஆம்பளைங்க கிழங்கு தோண்டிக்கிட்டு வர்றாங்க. என் வீட்டு ஆம்பளை வெறும் குழிதான் தோண்டுறான்," என்றாள் அவன் மனைவி மாதி. சொல்லிவிட்டு, அவன் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்து, மண்வெட்டியை வாங்கி மிச்சத்தை அவளே தோண்டினாள்.

எட்டாவதாகப் போனது தும்பை. நெற்றியில் தும்பைப்பூ அளவு வெள்ளை உள்ள பசு. தாயில்லாத கன்றாய் இருந்தபோது மாதி கேழ்வரகுக் கஞ்சி ஊட்டி வளர்த்தது. மந்தைக்கு முன்னால் மணியோடு நடப்பது அதுதான்; அதன் கன்று பின்னாலேயே ஓடும்.

உச்சி வெயிலில் கெம்பன் ஓடைக்கரைக்குப் போனபோது தும்பை கிடந்தது. பக்கத்தில் புலி உட்கார்ந்திருந்தது. அதன் விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. அது எழுந்து ஓடவில்லை. அவனும் கல்லெடுக்கவில்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்துவிட்டான்.

"என்ன, இன்னிக்குக் கத்தலையா?" என்று புலி கேட்டது.

"தொண்டை கட்டிக்கிச்சு. ஏன்டி, என் பட்டியைக் காலி பண்ணிட்டுத்தான் போவியா? எட்டாச்சு."

"எட்டு அடிச்சேன். எத்தனை தின்னேன்? நீதான் எண்ணுறதுல கெட்டிக்காரனாச்சே, சொல்லு."

கெம்பன் யோசித்தான். "ஒண்ணும் இல்லை."

"ரெண்டு வாய் தின்னேன். எண்ணுனா சரியா எண்ணு. மானெல்லாம் மேல ஏறிடுச்சு. என் குட்டி ரெண்டும் அவ்வளவு தூரம் நடக்காது. ஒரு மாடு இருந்தா எங்களுக்கு ஆறு நாளைக்குப் போதும். நீ புதைக்கப் புதைக்க நான் திரும்பத் திரும்ப வர்றேன். எனக்கென்ன உன் மாட்டு மேல ஆசையா? ஓடக்கூடத் தெரியாம நின்னு பார்க்குது."

கெம்பன் விரல் மடக்கினான். ஆறு நாளைக்கு ஒன்று என்று விட்டிருந்தால்கூட முப்பத்தாறு இருந்திருக்கும். இப்போது முப்பத்துமூன்று. இப்படியே போனால் அடுத்த மழைக்குப் படலை அடைக்கவே வேலை இருக்காது.

எழுந்து போய்த் தும்பையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தான்.

"மணியை மட்டும் எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்கோ. மணி கட்டிக்கிட்டு நான் வேட்டைக்குப் போனா மானெல்லாம் சிரிக்கும்."

பத்தடி நடந்தவன் திரும்பிப் பார்த்தான். நின்றுவிட்டான். கை தானாக இடுப்புக் கயிற்றுக்குப் போனது.

புலி பெருமூச்சு விட்டது. "மறுபடியுமா?"

"கண்ணு தொறந்திருக்கு. என்னையே பார்க்குறா. எப்படிப் போறது?"

புலி மெல்ல எழுந்து, தும்பைக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னங்கால்களால் சருகைத் தள்ளியது. கண் மூடியது. நெற்றி வெள்ளை மறைந்தது. கடைசியில் அங்கே ஒரு சருகுக் குவியல்தான் இருந்தது.

"இப்பப் போ," என்றது.

அன்று மாலை முப்பத்துமூன்று. நாலாம் நாளும் முப்பத்துமூன்று. ஏழாம் நாள் மலைமேலிருந்து மான்கள் இறங்கின. மாதி தும்பையின் கன்றுக்கு மணியைக் கட்டிக்கொண்டே ஒரு பாட்டம் அழுதாள். கெம்பன் மூன்றாம் தரமும் எண்ணிவிட்டுப் படலை அடைத்தான். பட்டிக்குப் பின்னால் எட்டாவது குழி இல்லை.

புலி தான் அடித்த இரையைச் சருகு தள்ளி மூடிவைப்பதும், மாட்டுக்காரன் மணியை மட்டும் அவிழ்த்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வருவதும் அன்று முதல்தான்.