ஐந்து பொத்தான்கள்

"ஐயா, இன்னும் ஒரு விரல் உடைஞ்சா என் வேலை போயிடும்" என்றான் எல்மர்.

சம்பளம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடலாம் என்று அமெரிக்கா அப்போதுதான் கண்டுபிடித்திருந்தது. மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தி, விர்ரென்று வரும் பந்தைப் பிடிப்பது எல்மரின் வேலை. வெறுங்கையாலா என்று கேட்காதீர்கள். வெறுங்கைதான்! அந்தக் காலத்து வீறாப்பு அப்படி. கையுறை போட்டவனைப் பார்த்து மைதானமே சிரிக்கும்.

அவன் தேடி வந்தது ஹாஸ்கெலை. அதே வேலையைச் சம்பளமில்லாத காலத்திலேயே பதினெட்டு வருஷம் பார்த்தவர்.

"வேலை போனா என்ன?"

"மறுபடியும் நிலக்கரிச் சுரங்கம்தான். மூணு பிள்ளைங்க இருக்கு ஐயா."

"பையில என்னமோ ஒளிச்சு வச்சிருக்கியே?"

எல்மர் தயங்கித் தயங்கி எடுத்தான். ஒரு தோல் கையுறை. அவன் கையின் நிறத்துக்கே சாயம் ஏற்றியிருந்தான்.

"தூரத்துல இருந்து பார்த்தா தெரியாதுங்க."

"கிட்ட வந்து பார்த்தா?"

"மானம் போயிடும்."

ஹாஸ்கெல் இருமல் வரும்வரை சிரித்தார். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனுஷன்.

"உங்களை யாராவது கேலி பண்ணியிருக்காங்களா?"

"என்னையா? ஒருத்தன் வாய் திறந்ததில்லை. பதினெட்டு வருஷமும் கைதட்டல்தான். ராஜாவாட்டம் இருந்தேன்."

எல்மரின் முகம் தொங்கிப்போனது.

"அப்போ இதை அடுப்புல போட்டுடவா?"

சர்ச் மணி அடித்தது. ஹாஸ்கெல் எழுந்து அவன் முன்னால் வந்து நின்றார்.

"நேரமாச்சு. இந்தச் சட்டைப் பொத்தானை மாட்டி விடு."

அவர் விரல்கள் இஞ்சிக் கிழங்காட்டம் திசைக்கொன்றாகத் திரும்பியிருந்தன.

எல்மர் மாட்டினான். ஐந்து பொத்தான்கள். மூன்றாவதிலேயே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தினமும் யாருங்க மாட்டி விடுறாங்க?"

"பக்கத்து வீட்டம்மா. தங்கமான பொம்பளை. அவளும் சிரிச்சதில்லை."

எல்மர் அலமாரியில் இருந்த கறுப்பு ஷூ பாலீஷ் டப்பாவைத் திறந்து, கையுறை முழுக்க அப்பினான். அரை மைல் தள்ளி நின்றாலும் தெரியும்.

அடுத்த ஞாயிறு பொத்தான் மாட்டிவிட அவனே வந்தான்.

"சிரிச்சாங்களா?" என்றார் ஹாஸ்கெல்.

"வயிறு வலிக்கச் சிரிச்சாங்க ஐயா. ஆட்டம் முடியறவரைக்கும்."

"எல்லாருமா?"

"எதிர் அணியில என் வேலையைப் பார்க்கிறவன் மட்டும் சிரிக்கலை. எல்லாரும் போனப்புறம் தனியா வந்தான். எங்க கிடைக்கும்னு கேட்டான்."